குதிகால் பதியும் உயரம்

மணியம்மை குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆர்.கே.பேட்டையில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு பவர்லூம் வைத்து ஓட்டுகிறாள் என்பதையும், கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள் என்பதையும், வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதையும் சொல்வார்கள். தறி நின்றுவிட்டால் ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார மாட்டாள், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே உள்ளே தலையை விடுவாள் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அவளுடைய அப்பா சிங்காரம் நல்ல உயரம். வீட்டில் அவர் நைனா. நைனாவிடம் ஒரு பழைய கறுப்பு புல்லட் இருந்தது. பின்சக்கரத்து மட்கார்டில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வேல் வரைந்து, அதற்குக் கீழே வாலோரமாக 'சிங்காரம்' என்று வளைத்து எழுதி வைத்திருந்தார். நெய்த சேலைகளை மூட்டை கட்டி அந்த வண்டியில் வைத்துத்தான் திருத்தணிக் கடைகளுக்குக் கொண்டுபோவார். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தம் வீட்டுக்கு வந்துவிடும், அம்மா சின்னம்மாள் உலையில் அரிசி போடுவாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வண்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவது மணியம்மையின் வேலை. ஏறி ஓட்டுவது மட்டும் அவள் வேலை இல்லை. பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை கேட்டாள். "நீ ஏறினா நீ வண்டிய ஓட்டமாட்ட, வண்டிதான் உன்ன ஓட்டும்" என்று சொல்லிச் சிரித்தார் நைனா. தெருவே சேர்ந்து சிரித்தது. கடைசி ரெண்டு வருஷம் முட்டி தேய்ந்து அவரால் வண்டியை நகர்த்தக்கூட முடியவில்லை. அப்போதும் சாவியைத் தரவில்லை. வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நின்றது, மணியம்மை மூட்டைகளோடு டவுன் பஸ்ஸில் நின்றாள். ஒவ்வொரு நடைக்கும் கண்டக்டரோடு ஒரு சண்டை. மூட்டையின் மேல் எவனாவது உட்கார்ந்தால் அவனோடு இன்னொரு சண்டை.

சாவி என்று சொன்னாலும் அது ஒரு மரியாதைக்குத்தான். துவாரம் தேய்ந்து தொளதொளத்துப் போய், கையில் கிடைத்த சாவியைப் போட்டு நைனா திருகினதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்த வண்டிக்கு நிஜமான பூட்டு உதைதான். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வருகிற வரை கிக்கரை மெல்ல அழுத்தி, இடது கைப்பக்கத்துச் சின்ன லீவரைப் பிடித்து விட்டு, அப்புறம் ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். அந்த நேரம் தெரியாதவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டியதுதான்.

நைனா போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் வண்டிப் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவன் பரந்தாமன். மணியம்மையின் அக்கா தேவயானியின் புருஷன். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை, ஆகையால் சொந்தத்துக்குள் அவன் வார்த்தைக்கு எடை அதிகம். அந்த எடையை அவனே தினமும் தூக்கிப் பார்த்துக்கொள்வான்.

"அத்த, வண்டிய நான் எடுத்துகினு போறேன். இங்க நின்னா துருப்புடிச்சுப் பூடும். மாமா ஞாபகமா என்கிட்ட இருக்கட்டும்" என்றான் சின்னம்மாளிடம்.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. பெரிய மருமகன் கேட்கிறான். சின்னம்மாள் தலையாட்டப் போனாள்.

"வண்டி எனக்கு வேணும்" என்றாள் மணியம்மை.

சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவள், இலையும் கையுமாக நின்று இதைச் சொன்னாள். முதலில் சிரித்தது கெங்கம்மாள் அத்தை. அப்புறம் எல்லோரும். பரந்தாமன் சிரிக்கவில்லை, அவன் கெட்டிக்காரன். கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"இன்னாத்துக்கும்மா உனக்கு? சரி, ஏறி உக்காரு. உன் ரெண்டு குதிகாலும் தரைல பதிஞ்சா வண்டி உன்னுது. திருத்தணி மலைமேல, சாமிக்கு எதிர்க்க பூச போட்டு, சாவிய என் கையால நானே குடுக்கறேன். போதுமா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கம் கட்டைவிரல் தரையைத் தொட்டது. வலது பக்கம் கால் காற்றில் தொங்கியது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. காரிய வீடு என்பதே மறந்துபோயிற்று.

மணியம்மை சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். முகத்தில் கோபம் இருந்தது, அழுகை இல்லை. "வார்த்த வார்த்ததானே பாவா?" என்றாள், அக்கா புருஷனைப் பார்த்து.

"ஆங், வார்த்ததான். இத்தினி பேர் சாட்சி."

"எப்பன்னு நீங்க சொல்லல."

"எப்ப வேணும்னாலும் வா. வளந்துட்டு வா."

மறுபடி சிரிப்பு. அவளுடைய கால் நீள வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டான். வண்டி தாழலாம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் தோன்றியது. தறியில் கை எட்டாத இடம் இருந்தால் அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள், அந்த பாகத்தைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவ்வளவுதான் விஷயம். அன்று ராத்திரி வரைகூடக் காத்திருக்காமல் அம்மாவிடம் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திருத்தணியில் சித்தூர் ரோட்டில் ஹேமநாதனின் ஒர்க்‌ஷாப். மணியம்மையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. மூட்டை ஏற்றப் பேசிய குட்டியானை வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே புல்லட்டையும் கட்டி ஏற்றிக் கொண்டுவந்து அவன் கடைவாசலில் இறக்கினாள்.

"பின்னாடி இறக்கித் தரணும்" என்றாள்.

ஹேமநாதன் துணியில் கையைத் துடைத்தபடி வண்டியைச் சுற்றிவந்தான். "காலேஜ் பசங்க வந்து பின்னாடி இறக்கு, மட்கார்ட வெட்டுன்னு உயிர எடுக்கறானுங்கோ. அவனுங்களுக்கு ஸ்டைலு. உனக்கு இன்னாத்துக்கு மணி?"

"எனக்கு ஸ்டைல் இருக்கக்கூடாதா?"

"அதில்ல..."

"குதிகால் தரைல பதியணும். அவ்ளோதான். எம்மாந்தூரம் இறக்கணுமோ இறக்கு."

காரிய வீட்டில் நடந்ததை அவள் சொன்னாள். ஹேமநாதன் முழுக்கக் கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். பரந்தாமனைத் திட்டவும் இல்லை, அவளைத் தேற்றவும் இல்லை. சீட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

வேலை ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, நீளம் குறைவான, ஸ்பிரிங் இறுக்கமான ஜோடியைத் தேடிப் பிடித்து மாட்டினான். வண்டி பின்னால் உட்கார்ந்தது, முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. செயின் தளர்ச்சியைப் பார்த்து இழுத்து வைத்தான். நடு ஸ்டாண்டு ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கும் என்று அதை மொத்தமாகக் கழற்றிப் போட்டான். இரட்டைச் சீட்டு போய், பஞ்சு குறைத்த ஒற்றைச் சீட்டு வந்தது. பின்சீட்டு இருந்த இடத்தில், மூட்டை வைக்கச் சட்டத்தோடு சேர்த்துக் கம்பி கேரியர் ஒன்றைப் பற்றவைத்தான். கழற்றுவதும் மாட்டுவதும் பாதி அவள் கை. எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் துடைத்த போல்ட்டுகள்தானே.

ஏறி உட்கார்ந்தாள். முதலில் விரல்கள், அப்புறம் பாதம், அப்புறம் குதிகால். ரெண்டு குதிகாலும். அவள் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹேமநாதன் டீ வாங்கி வந்து நீட்டியபோதும் இறங்கவில்லை, உட்கார்ந்தபடியே குடித்தாள்.

அவனுடைய சின்ன பைக்கில் எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்தாள். புல்லட்டை கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பழகினாள். கிக்கர் திரும்பி அடித்துக் கெண்டைக்காலில் கறுப்பாகக் கன்றிப்போயிற்று. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் நாள் கைகொட்டினார்கள், ரெண்டாம் நாள் யோசனை சொன்னார்கள், அதற்கப்புறம் அவளைக் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். கவனிக்காமல் விட்டதுதான் அவளுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

பிரச்சினை மூட்டை வைத்த அன்று வந்தது. கேரியரில் சேலை மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் ரப்பர் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால், பாரத்தில் டயர் மேலே ஏறி மட்கார்டின் வாலில் உரசியிருந்தது. உள்பக்கத்துப் பெயிண்ட் சுரண்டிக்கொண்டு போய்த் தகரம் பளபளத்தது.

"வாலை வெட்டணும்" என்றான் ஹேமநாதன். சொல்லிவிட்டு, வாலில் இருந்த எழுத்தைப் பார்த்தான். கையிலிருந்த கட்டிங் மெஷினைக் கீழே வைத்தான். "மணி, இது மட்டும் என்னால ஆவாது. செத்துப்போன மனுஷன் பேரு. நான் அவர் கைல அடி வாங்கினவன், மிட்டாயும் வாங்கித் துன்னவன். வெட்டமாட்டேன்."

"அப்ப வண்டிய பழையபடி தூக்கிடுவியா?"

வேலை தெரிந்த ஆள் செய்ய மாட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாரால் என்ன செய்ய முடியும்? மணியம்மை மெஷினைத் தான் எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேலுக்குக் கீழே சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். அழுத்திய அழுத்தில் கட்டி ரெண்டாக ஒடிந்தது. துக்கத்தால் என்று ஹேமநாதன் நினைத்தான். இல்லை, ஆத்திரத்தால். எத்தனை வெள்ளிக்கிழமை இந்தப் பெயரைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினேன், ஒருநாள், ஒரே ஒருநாள் ஏறிப்பாரும்மா என்று சொன்னாயா நைனா? முட்டி போனபோதுகூட வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தினாயே, சாவியை என் பக்கம் நீட்டினாயா? உன் மேல் எனக்கு உயிர். ஆனால் உன் வாலைத் தூக்கிக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது. அவள் ஸ்விட்சைப் போட்டாள். பொறி பறந்தது. தகரம் விழுந்த சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வேல் வண்டியோடு தங்கியது. பெயர் தனியாக வந்தது. ஓரத்தை அரம் போட்டு மழுக்கி, டெயில் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மேலேற்றி மாட்டினார்கள். அன்று ரெண்டு பேருக்கும் புத்தியெல்லாம் அந்தப் பெயரிலேயே கிடந்தது. இன்னொரு சமாச்சாரத்தைப் பார்க்க மறந்தார்கள். அது மலைமேல்தான் தெரிய வந்தது.

வெட்டிய வாலை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சின்னம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள். அழப்போகிறாள் என்று மணியம்மை தயாரானாள். சின்னம்மாள் அதைக் கொண்டுபோய் கொட்டகைக் கதவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். சாரல் அடித்து நிலைக்கட்டை ஊறிக்கொண்டிருந்த இடம் அது. "வளைஞ்சு தோதா கீது" என்றாள்.

சேதி அரக்கோணத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பரந்தாமன் போன் போட்டான்.

"மாமா பேரயே வெட்டிட்டியாமே! மனுஷியா நீ?"

"வெட்டினது தகரம் பாவா. பேரு பத்திரமா கீது, மழைக்கு ஒதுங்கறோம். வர்ற செவ்வாக்கெழம காலைல மலைக்கு வந்துடுங்க. சாட்சி சொன்னவங்களையும் கூட்டிகினு வாங்க."

வராமல் இருக்க அவனால் முடியாது. அத்தனை பேர் எதிரில் விட்ட வார்த்தை. ஆட்டோ ஒன்று பேசிக்கொண்டு, தேவயானி, சின்னம்மாள், கெங்கம்மாள் அத்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மணியம்மை புல்லட்டோடு காத்திருந்தாள். ஒட்ட வெட்டிய மட்கார்டும் தாழ்ந்த பின்பக்கமுமாக வண்டியைப் பார்த்ததும் பரந்தாமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லா இருக்கிறதே என்று அவன் மனசு நினைத்துத் தொலைத்ததுதான் காரணம்.

அவள் முன்னால் ஏறினாள், ஆட்டோ பின்னால். வளைவு ஒன்றில் மேலிருந்து வந்த வேன் திணறி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஏற்றத்தில், பாதி வளைவில், அவளும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆட்டோவில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மணியம்மை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள், ரெண்டு காலையும் ஊன்றினாள். ரெண்டு குதிகாலும் தார் ரோட்டில் ஆணியடித்த மாதிரி நின்றன. வேன் ஒதுங்கியதும் கிளட்சை மெல்ல விட்டு மேலே போனாள். "பதிஞ்சிதுடி" என்றாள் கெங்கம்மாள் அத்தை, தன்னையறியாமல். பரந்தாமன் ரோட்டோரத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மேலே போனதும் அவன் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டான். அது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவன் மனசுக்குள் இன்னும் ஏதோ ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டி தன்னிடம்தான் வரும், இறக்கத்தில் உருட்டிவிட்டே ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விடலாம் என்று.

வண்டி நிறுத்தும் இடத்தில், வழுவழுவென்ற சிமெண்ட் தரையில், மணியம்மை சைடு ஸ்டாண்டைத் தள்ளி வண்டியை நிறுத்தினாள். சாவியை எடுத்துத் தட்டில் வைத்தாள். வண்டிக்குப் பூசை போடும் குருக்கள் வந்தார். சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "சாமி, பூச முடிஞ்சதும் சாவிய இவரு கைல குடுங்க. இவரு எனக்குக் குடுப்பாரு" என்றாள் மணியம்மை. பரந்தாமன் பல்லைக் கடித்தபடி கைகூப்பி நின்றான்.

குருக்கள் கதம்ப மாலையை எடுத்து வண்டியின் கைப்பிடியில், வலதுபக்கமாகப் போட்டார். மலைமேல் காற்றுக்குப் பஞ்சமில்லை. வண்டி ஒரு தரம் தயங்கியது, அப்புறம் மாலையோடு, சந்தனத்தோடு, வலதுபக்கமாகச் சாய்ந்து தடாலென்று விழுந்தது. குருக்கள் துள்ளி விலகினார். இண்டிகேட்டர் நொறுங்கியது. எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது.

பக்கத்தில் புதுக் காருக்குப் பூசை போட வந்திருந்த குடும்பம் தன் காரை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியது.

"பாத்தீங்களா?" என்றான் பரந்தாமன். அவனும் நிஜமாகவே பயந்துதான் போயிருந்தான். பயம் போனதும் தைரியம் வந்தது. "சாமி ஒத்துக்கல. பேர வெட்டினப்பவே நெனச்சேன். மாமாவே வந்து தள்ளிட்டாரு. இதுக்கு மேல அவளுக்குக் குடுத்தா குடும்பத்துக்கே ஆவாது. அத்த, நான் எடுத்துகினு போறேன்." தட்டிலிருந்த சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான்.

தேவயானி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கெங்கம்மாள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மணியம்மை விழுந்து கிடந்த வண்டியையே பார்த்தாள். நைனாவா? நிஜமாகவே நைனாவா? இத்தனைக்கப்புறமும் வண்டியைத் தரமாட்டாயா?

அப்போதுதான் அவள் கண் ஸ்டாண்டின் மேல் விழுந்தது. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, பழைய உயரத்துக்கு அளவெடுத்த பழைய சைடு ஸ்டாண்டு. பின்பக்கத்தைத் தாழ்த்தியாயிற்று, ஸ்டாண்டைத் தாழ்த்தவில்லை. தாழ்ந்த வண்டிக்கு அது நெட்டை. இடதுபக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டியை அது நிமிர்த்திப் பிடித்திருந்தது, ஒரு மாலை கனத்துக்கு மறுபக்கம் போய்விட்டது. வீட்டு வாசலில் மண்தரை, ஸ்டாண்டு உள்ளே புதைந்துகொண்டதால் தெரியவில்லை. நைனாவாம், சாமியாம்! ரெண்டு விரற்கடை இரும்பு. அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அதை யாருக்கும் அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள். வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தினாள், ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கேரியரையும் பிடித்தாள், கால்களை ஊன்றிப் பின்னாலேயே நெம்பினாள். உதவிக்கு ஓடிவந்த கார்க்காரரை முறைத்த முறைப்பில் அவர் நின்றுவிட்டார். வண்டி எழுந்தது. மாலையைக் கழற்றாமலே ஏறி உட்கார்ந்தாள்.

"எடுத்தா ஆச்சா? சாவி என்கிட்ட கீது" என்றான் பரந்தாமன். "சாமி குத்தம் ஆயிடும், எறங்கு."

"குதிகால் பதிஞ்சா வண்டி என்னுதுன்னு சொன்னது நீங்க பாவா. சாமிக்கு ஆட்சேபண இருந்தா சாமி என்கிட்ட சொல்லட்டும். நடுவுல நீங்க யாரு?"

"அத்த, உங்க பொண்ணு பேசறதக் கேட்டீங்களா!"

எல்லோரும் சின்னம்மாளைப் பார்த்தார்கள். தாலியறுத்த கழுத்தோடு, யார் முகத்தையும் பார்க்காமல், உருண்டுபோன எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். நிமிர்ந்தாள்.

"அந்த மனுஷன் ஒசரமா இருந்தும் இந்த வண்டிய எத்தினியோ தடவ கீழ போட்டுகினு வந்தாரு" என்றாள். "ஒருவாட்டி என்னியும் சேத்துப் போட்டாரு. அப்பல்லாம் வண்டி அவருக்கு ஆவாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே?"

பரந்தாமன் சாவியை மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மணியம்மை இடுப்பிலிருந்து தறிக்கொட்டகைப் பூட்டின் சாவியை உருவினாள். தேய்ந்த துவாரத்தில் போட்டு ஒரு குலுக்கு, ஒரு திருகு. அம்மீட்டர் முள் துடித்தது. கிக்கரை மெல்ல அழுத்தினாள், முள் நடுவுக்கு வந்தது, லீவரைப் பிடித்து விட்டாள். அப்புறம் தன் மொத்த உடம்பையும் தூக்கி, இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்து, ஒரே உதை.

வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் கோயில் புறா எல்லாம் எழும்பிப் பறந்தன.

"ஏறும்மா" என்றாள்.

சேலை மூட்டை வைக்கும் கேரியரில் சின்னம்மாள் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏறுவதற்கு அவளுக்குச் சிரமமே இல்லை, வண்டிதான் அவ்வளவு தாழ்வாக இருந்ததே. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கை மகள் இடுப்பில். பாரத்தில் பின்சக்கரம் மேலே ஏறியது, ஆனால் உரச அங்கே வால் இல்லை. மாலை காற்றில் பறக்க வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

பரந்தாமன் சாவியும் கையுமாக நின்றான். ஆட்டோவை அனுப்பியாயிற்று. தேவயானியும் கெங்கம்மாள் அத்தையும் படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அவனும் நடந்தான். ஒவ்வொரு படிக்கும் சாவி சட்டைப்பையில் கிணுகிணுத்தது.

மணியம்மை நேராக ஹேமநாதன் கடையில் நிறுத்தினாள். "ஸ்டாண்டு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். வெட்டி, நுனியில் பட்டைத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். வண்டி இடதுபக்கம் வாகாகச் சாய்ந்து, இடுப்பில் கைவைத்து நிற்கிற பெண்பிள்ளைபோல் நின்றது.

அந்த வாரக் கடைசியில் பரந்தாமன் ஆர்.கே.பேட்டைக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான். வாசலில் புல்லட் நின்றிருந்தது. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கைப்பிடியில் கைவைத்து மெல்ல ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான். வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினான்.

"ஸ்டாண்ட வெட்டியாச்சு பாவா" என்ற குரல் கேட்டது. கொட்டகை வாசலில், 'சிங்காரம்' என்ற தகரத்துக்குக் கீழே, மணியம்மை ஸ்பேனரோடு நின்றிருந்தாள்.

அவன் கையை எடுத்தான். அசடு வழிந்தது. சட்டைப்பையில் துழாவி, நைனாவின் சாவியை எடுத்து நீட்டினான். "இந்தா. வார்த்தன்னா வார்த்ததான். நானே என் கையால குடுக்கறேன்."

மணியம்மை சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"இருக்கட்டும் பாவா" என்றாள். "மாமா ஞாபகமா ஏதாவது வேணும்னு கேட்டீங்களே, அத நீங்களே வச்சுக்குங்க. உக்காருங்க, அம்மா காபி போடுது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். நின்றிருந்த நாலாவது தறியும் ஓடத் தொடங்கியது.